ஹோம்ஸ் – அலி 1980: ஜெயித்தது ஜிம் பாடமா, அலி விழுங்கிய மாத்திரையா?

ஈஸ்டன் ஜாப்:

1980 அக்டோபர் 2. லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸின் கார் நிறுத்தும் இடத்தில் தற்காலிகமாகக் கட்டிய திறந்தவெளி அரங்கம். ஒரு பக்கம் டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ். எதிரே, பென்சில்வேனியாவின் டீர் லேக் முகாமில் அவரை ஸ்பாரிங் பார்ட்னராக, அதாவது பயிற்சியில் மோதும் ஆளாக, வைத்திருந்த முகமது அலி. பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் கார்னரே (அவர் பக்கத்துக் கோச் குழு) போட்டியை நிறுத்தியது. மூன்று ஜட்ஜுகளின் தாளிலும் 100–90, ஒரு ரவுண்டுகூட அலிக்கு இல்லை. 61 பந்தயம் ஆடிய அலி மணி அடிக்கும்வரை நிற்காமல் தோற்றது இது ஒன்றில்தான்.

பேச்செடுத்தாலே "வயசானவரைப் போட்டு அடிச்சான்" என்று ஒரே வரியில் மூடிவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முப்பது வயது அலியாக இருந்தாலும் அந்த ஹோம்ஸிடம் திணறியிருப்பார். காரணம் டீர் லேக்.

ஸ்பாரிங்கில் சாம்பியனும் பார்ட்னரும் ஒரே பாடத்தைப் படிப்பதில்லை. சாம்பியன் ஒன்பது ரவுண்டு போடுகிறார் என்றால் மூன்று பார்ட்னர்கள், ஆளுக்கு மூன்று ரவுண்டு. சாம்பியன் கண்ணில் படுவது எப்போதும் அப்போதுதான் கயிற்றுக்குள் நுழைந்த ஆள். கடைசியாக ஏறும் பார்ட்னரோ ஆறு ரவுண்டு ஆடிக் களைத்தவரைப் பார்க்கிறான். மூச்சு வாங்கும்போது எந்தக் கை முதலில் இறங்குகிறது, ஓய்வு வேண்டுமானால் எந்தப் பக்கம் நகர்கிறார், எது பாவ்லா, எது நிஜக் குத்து, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனுடைய பத்தாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்று சாம்பியனுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது காலக்கணக்கு. ஹோம்ஸ் தொழில்முறைக்கு வந்தது 1973 மார்ச்சில். டீர் லேக்கில் அலி பார்த்தது கற்றுக்குட்டி ஹோம்ஸை. 1980-ல் வந்தவர் 35 பந்தயம் ஆடி ஒன்றிலும் தோற்காதவர். நார்ட்டன், ஷேவர்ஸ், வீவர் எல்லாரையும் தாண்டி, எட்டாவது தடவையாகப் பட்டத்தைக் காக்க நின்றார். ஹோம்ஸ் கையில் அலியின் முழு ஜாதகம். அலி கையில் ஹோம்ஸின் பழைய பாஸ்போர்ட் போட்டோ.

இனி ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து. அலியின் தற்காப்பில் முக்கால்வாசி ஒரே அசைவுதான்: குத்து வரும்போது தலையைப் பின்னால் இழுப்பது. அந்த இழுப்பு ஏறக்குறைய ஒரு சாண். வெளியாள் படச்சுருளைப் பார்த்து ஊகிக்கலாம். ஹோம்ஸ் தன் கிளவுஸ் காற்றில் போய் போய் அளந்தவர். அதற்கு மருந்து இரட்டை ஜாப். முதலாவது வேண்டுமென்றே குறைவாக விழும். அதன் வேலை தலையைப் பின்னுக்கு அனுப்புவது. முன்காலை அரை அடி முன்னே வைத்து இரண்டாவதை உடனே விட்டால், தலை போய் நிற்கும் இடத்தில் கிளவுஸ் காத்திருக்கும். பின்னால் சாய்ந்தவனின் எடை குதிகாலில் இருப்பதால் உடனே திருப்பி அடிக்கவும் முடியாது. கை நீட்டமும் ஹோம்ஸுக்கு 81 அங்குலம், அலிக்கு 78.

பழைய மணி:

ஈஸ்டன் அண்ணே, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஒரு ஆளை நிறுத்தி உங்க தியரியைச் சாச்சிடலாம். ஜிம்மி எல்லிஸ்.

லூயிவில்ல அலியும் அவரும் சின்ன வயசுப் பழக்கம். அமெச்சூர்ல ரெண்டு தடவை மோதி ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சாங்க. அப்புறம் எல்லிஸ் வருஷக்கணக்கா அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னர். 1968 ஏப்ரல்ல ஜெர்ரி குவாரியை ஜெயிச்சு டபிள்யூ.பி.ஏ.ங்கிற இன்னொரு உலக அமைப்போட பட்டமும் வாங்கினார். 1971 ஜூலை 26, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல ரெண்டு பேரும் மோதினப்ப எல்லிஸ் பக்கம் என்ன குறை? அலியோட ஒவ்வொரு அசைவும் தெரியும். அதுக்கு மேல, அலியோட கோச் ஏஞ்சலோ டண்டியே எல்லிஸ் கார்னர்ல! டண்டி அலிக்குக் கோச் மட்டும்தான், எல்லிஸுக்கு மேனேஜரும் அவரே. அதனால அந்தப் பக்கம் போனார், அலியும் கோவிச்சுக்கல. அலி கார்னருக்கு ஹாரி வைலி வந்தார்.

எதிரே வந்த அலியும் முழு ஃபார்ம்ல இல்ல. ஃப்ரேசியர்கிட்ட மார்ச் 8-ல தோத்து நாலரை மாசம். ராணுவத்துக்குப் போக மறுத்த வழக்குல சுப்ரீம் கோர்ட் விடுவிச்சதே ஜூன் 28-லதான். இவ்வளவு தோதா அமைஞ்சும் எல்லிஸ் 12-ஆவது ரவுண்டைத் தாண்டல, நடுவர் நிறுத்திட்டார்.

ஜிம் அறிவுதான் ஆயுதம்னா, உலகத்துலயே அது அதிகமா இருந்தது அந்த ஒரு கார்னர்லதான். ஏன் வேலை செய்யல?

இன்னொண்ணு, இது சும்மா தகவலுக்கு: 1980-ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி ஆடினாரே, எதிர்ல நின்னது இதே எல்லிஸ்தான். எம்.ஜி.ஆரோட அலி நிக்கிற படத்தை மட்டும் எல்லாரும் ஷேர் பண்றாங்க, எல்லிஸை யாரும் கண்டுக்கறதில்ல. ஹோம்ஸ் சண்டையும் அதே வருஷம்தான்கிறதை ஞாபகம் வச்சுக்குங்க.

ஈஸ்டன் ஜாப்:

எல்லிஸை இழுப்பீர்கள் என்று தெரியும். எடையைப் பார்த்தீர்களா? அலி 220½ பவுண்டு, எல்லிஸ் 189. வித்தியாசம் 14 கிலோவுக்கு மேல். எல்லிஸ் மிடில்வெயிட்டாகத் தொடங்கி உடம்பு ஏற்றி வந்தவர். கிளின்ச்சில், இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது, அந்த 14 கிலோ ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்தில் தொங்கும். மூன்றாவது ரவுண்டில் தெரியாது, ஒன்பதாவதில் தொடை சொல்லும்.

போதாததற்கு எல்லிஸ் ஆடியது அலியின் ஆட்டம். நகர்வு, ஜாப், தூரத்தில் நின்று வலது கை. பெரிய உருவத்துக்கு எதிரே அதே ஆட்டத்தின் சின்ன உருவம் நின்றால் அறிவு இருந்தும் என்ன பண்ணுவது? ஹோம்ஸும் அந்தப் பள்ளிக்கூடத்து மாணவர்தான், ஆனால் உயரமும் எடையும் சமம். கை நீட்டம் கூடுதல். ஜிம் அறிவு எடுபட உடம்பு சமமாக இருக்க வேண்டும் என்று என் வாதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

பழைய மணி:

"உடம்பு சமமா இருக்கணும்"னு இப்ப சேக்கறீங்க. அப்ப 38 வயசு உடம்பும் 30 வயசு உடம்பும் சமமா? 1978 செப்டம்பர் ஸ்பிங்க்ஸ் ரெண்டாவது மேட்ச்சுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் ரிங் பக்கமே வராத ஆளு.

அந்தச் சாண் கணக்கு கண்டுபிடிக்க டீர் லேக் போகத் தேவையே இல்ல. நார்ட்டனோட கோச் எடி ஃபட்ச் என்ன பண்ணார்? அலி ஜாப் விடும்போது வலது கை தடுக்கற இடத்துல இல்லைன்னு வெளியில உக்காந்தே கவனிச்சார். "அலி ஜாப் விடறப்பவே நீயும் ஜாப் விடு"ன்னு நார்ட்டனுக்குச் சொன்னார். 1973 மார்ச் 31, சான் டியாகோ. அலி தாடை உடைஞ்சது, தோத்தார். நல்ல கண்ணு இருந்தாப் போதும்.

வெள்ளை டவல்:

இருவரும் ஆட்ட நுணுக்கம் பேசுகிறீர்கள். அன்று ரிங்கில் ஏறிய உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அலி அந்த வருடம் முன்னதாக 250 பவுண்டைத் தாண்டியிருந்தார். எடை பார்க்கும்போது 217½. 1974-ல் ஃபோர்மனுக்கு எதிராக 216½-ல் இறங்கியதற்குப் பிறகு அதுதான் அவருடைய குறைந்தபட்ச எடை. வயிறு ஒட்டி, நரைமுடி கறுப்பாகி, பார்ப்பதற்குப் பழைய அலி. பந்தயம் கட்டியவர்களில் பலர் அந்தத் தோற்றத்தைப் பார்த்தே மயங்கினார்கள்.

எடை இறங்கியது ஓட்டத்தால் மட்டும் இல்லை. தைரோலார் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தைராய்டு குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. இல்லாதவர் சாப்பிட்டால் உடம்பின் எரிப்பு வேகம் கூடும். இதயம் உட்கார்ந்திருக்கும்போதே வேகமாக அடிக்கும். வெப்பம் தாங்காது, நீர் வற்றும், தூக்கம் கெடும். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகும். குத்துச்சண்டைக்காரருக்கு இதில் மோசமான பகுதி எது தெரியுமா? ஹார்மோன் மிகுதியால் வரும் தசைத் தளர்ச்சி முதலில் பிடிப்பது தொடையையும் தோளையும். தொடை போனால் நகர்வு போச்சு, தோள் போனால் ஜாப் போச்சு. அலி என்றால் அந்த இரண்டும்தானே.

தராசில் 217½ என்று முள் நின்றதை உடற்தகுதி என்று படித்தார்கள். உண்மையில் அது காலி டேங்க். அந்த நிலையில் பாலைவன ஊரில், திறந்தவெளியில், விளக்குச் சூட்டில் 15 ரவுண்டு ஆட வந்திருக்கிறார்.

ஜூலையில் மேயோ கிளினிக் பரிசோதனையும் நடந்தது. ஒற்றைக் காலில் குதிப்பதில் எதிர்பார்த்த லாகவம் இல்லை, விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் லேசாகத் தவறுகிறது என்ற கவனிப்புகள் அதில் உண்டு. ஆனாலும் ஆடத் தடையில்லை என்று முடித்தார்கள், நெவாடா மாநில விளையாட்டுக் கமிஷன் லைசென்ஸ் கொடுத்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு சாண் கணக்கை வைத்துக்கொண்டு ஹோம்ஸ் ஜெயித்தார் என்கிறீர்கள். அன்றைக்கு டீர் லேக் பக்கமே போகாத ஹெவிவெயிட் ஒருவர், தரவரிசையில் முதல் பத்தில் உள்ள யாரானாலும், அவரை ஜெயித்திருப்பார்.

ஈஸ்டன் ஜாப்:

டாக்டர் சார், மாத்திரை விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜெயிப்பது வேறு, பத்து ரவுண்டில் ஒன்றைக்கூட விடாமல் ஜெயிப்பது வேறு. உடம்பு போன சாம்பியன்களுக்கும் தந்திரம் மிச்சம் இருக்கும். ரவுண்டின் கடைசி முப்பது விநாடியில் மட்டும் சரமாரியாக விட்டு ஜட்ஜ் கண்ணைப் பறிப்பது, கழுத்தைப் பிடித்து அமுக்கி நேரம் கடத்துவது, கயிற்றில் சாய்ந்து அடியை வாங்குவதுபோல் நடித்து எதிராளியைக் களைக்க வைப்பது, வாயாலேயே கோபமூட்டுவது. இத்தனையும் அலியின் கைச்சரக்கு. ஃபோர்மன் இதில் விழுந்தார். 1977-ல் ஷேவர்ஸ் பாதி விழுந்தார். ஹோம்ஸ் ஒன்றில்கூட விழவில்லை. "வேர்க்கடலைத் தலையா" என்று வாரக்கணக்கில் கேலி செய்தும், மணி அடிக்கும் முன்பே நடு ரிங்கில் சத்தம் போட்டும் ஹோம்ஸ் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டையெல்லாம் டீர் லேக்கில் தினமும் கேட்டவர் அவர். கயிற்றில் சாய்ந்தபோதும் ஓடிப்போய் வீசவில்லை. ஜாப் தூரத்தில் நின்று ஒவ்வொன்றாக வைத்தார்.

முதல் பத்தில் உள்ள வேறொருவர் வந்திருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் மூன்று நாலு ரவுண்டை அந்த நாடகத்துக்கே இழந்திருப்பார்.

பழைய மணி:

இது கொஞ்சம் சரி. ஆனா இது "ஜாப் அளவு தெரிஞ்சுது" இல்ல, "பயம் போச்சு". ரெண்டும் வேற. முதல் போஸ்ட்ல நீங்க சொன்னது அளவு.

பதினாறு அவுன்ஸ்:

இத்தனை பேர் ஸ்பாரிங் ஸ்பாரிங்னு பேசறீங்க, ஒருத்தராவது கிளவுஸ் சைஸ் பேசல. அந்தச் சாண் கணக்கே அங்கதான் ஆட்டம் காணும்.

ஹெவிவெயிட் ஸ்பாரிங் 16 அவுன்ஸ், அதாவது ஒரு கைக்கு 450 கிராம் சொச்சம். இன்னிக்கு தொழில்முறைப் பந்தயத்துல அந்த எடைக்கு 10 அவுன்ஸ், 280 கிராம் சொச்சம். கைக்கு 170 கிராம் குறையும். ரெண்டு விஷயம் மாறும். கை வேகம் கூடும், ஜிம்ல பழகின நேரக் கணக்குல தலையை இழுத்தா லேட். இது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது யாரும் யோசிக்காதது: 16 அவுன்ஸ் கிளவுஸ் தலகாணி மாதிரி. ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னாடி வச்சா மூடிடும். 10 அவுன்ஸ்ல அதே கையை அதே இடத்துல வச்சா நடுவுல சந்து. ஜிம்ல கிளவுஸ் மேல பட்டு நின்ன ஜாப், ரிங்ல சந்து வழியா மூக்குக்கு வரும்.

அடுத்தது ஹெட்கார்டு. கன்னத்துப் பக்கமும் நெத்திப் பக்கமும் திண்டு இருக்கறதால தலை எல்லாப் பக்கமும் ரெண்டு விரல் பெருசாகும். ஜிம்ல "உரசிடுச்சு"ன்னு நினைச்ச குத்து ரிங்ல காத்துல போகும். கீழ்ப்பக்கம் பார்வையும் மறையும். கீழேயிருந்து வர்ற அப்பர்கட்டை ஜிம்ல வாங்கறவன், ஹெட்கார்டு இல்லாம அதைப் பாத்துடுவான். ஆக ஈஸ்டன் சார், அளவு மனப்பாடம்னு ஒருத்தன் ரிங் ஏறினா முதல் ரவுண்டுல குறைவாவும் நீளமாவும் மாறி மாறி விடுவான். ஜிம்ல கத்துக்கற அளவு செல்லாது. வரிசை செல்லும். எதுக்கு அப்புறம் எது வருதுங்கறது. அலி ஜாப் விட்டு வலது பக்கம் போவாரா இடது பக்கம் போவாரா, கிளின்ச்ல எந்தக் கையால கழுத்தைப் பிடிப்பார், இதுக்குக் கிளவுஸ் சைஸ் கிடையாது.

டாக்டர் சாருக்கும் ஒண்ணு. ஜிம் அலியை வச்சு ரிங் அலியைக் கணிக்கவே முடியாதுன்னு அப்பவே பேர். ஜிம்ல கயித்துல சாஞ்சுக்கிட்டு பார்ட்னர்களை அடிக்க விடுவார், வயித்தைக் கெட்டிப்படுத்தறேன்னு. டீர் லேக்ல பார்ட்னர்கிட்ட அவர் அடி வாங்கினதைப் பாத்து "ஆள் முடிஞ்சார்"னு சொன்னவங்க பல தடவை ஏமாந்தாங்க. அதனால 1980-ல நிஜமாவே முடிஞ்சப்ப, அதைப் பாத்தவங்களும் நம்பல.

ஈஸ்டன் ஜாப்:

அளவு இல்லை, வரிசை. ஏற்றுக்கொள்கிறேன். சாண் கணக்கை வாபஸ் வாங்குகிறேன், இரட்டை ஜாபை வாங்கமாட்டேன். இரட்டை ஜாபுக்குத் துல்லியம் வேண்டாம். முதல் ஜாபுக்குத் தலை பின்னால்தான் போகும், பக்கவாட்டில் போகாது என்ற உறுதி வேண்டும். அது வரிசைதானே?

வெள்ளை டவல்:

அந்த உறுதி நார்ட்டனுக்கும் இருந்தது என்று பழைய மணி ஏற்கெனவே சொல்லிவிட்டார், ஃப்ரேசியருக்கும் இருந்தது. நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஹோம்ஸுக்கு மட்டும் இருந்த ஒன்று.

புது கிளவுஸ்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணன்களே. நார்ட்டனும் ஃப்ரேசியரும் ஒரே கோச் கிட்ட இருந்தவங்கதானே? அவங்க ஏன் மோதவே இல்ல? ஒரே ஜிம் பசங்க ரெண்டு பேர் மாநிலப் போட்டியில ஒரே எடைப் பிரிவுல வந்தா கோச் என்ன செய்யணும்?

பழைய மணி:

ஃபட்ச் கிட்ட ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்பாரிங் போட்டவங்க, மோதறதில்லைன்னு இருந்துட்டாங்க. நம்ம வடசென்னைப் பரம்பரைகள்லயும் மோதல் பரம்பரைக்கும் பரம்பரைக்கும்தான். அமெச்சூர்ல அந்த வசதி கிடையாது தம்பி. டிரா, அதான் குலுக்கல், யாரை எழுதுதோ அவங்ககூடத்தான். தேசிய முகாம் ஆளுங்களே மோதறாங்க: 2019 டிசம்பர்ல டெல்லியில ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கான தேர்வு, 51 கிலோ, மேரி கோமுக்கு எதிரா நிகத் ஜரீன். மேரி கோம் 9–1. முடிஞ்சதும் கை குடுக்கல, அது பெரிய செய்தி ஆச்சு. ஈஸ்டன் அண்ணன் தியரிப்படி சீனியரைப் பாத்துப் பாத்து வளந்த ஜூனியர் ஜெயிச்சிருக்கணும்.

ஈஸ்டன் ஜாப்:

மூன்று ரவுண்டு அமெச்சூரையும் பத்து ரவுண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். களைத்த சாம்பியனைத் தெரிந்து வைத்திருப்பது மூன்று ரவுண்டில் எதற்கு உதவும்? களைப்பு வரும் முன்பே மணி அடித்துவிடும்.

பதினாறு அவுன்ஸ்:

புது கிளவுஸ் தம்பிக்கு. மத்தவங்க சண்டை ஓரமா நடக்கட்டும்.

ரெண்டு பேரும் ஒரே எடையில பேர் குடுத்த அன்னிக்கே ஸ்பாரிங்கைப் பிரிச்சிடு. டிராவுக்குக் காத்திருக்காதே, அதுக்கு அப்புறம் பிரிச்சா ஒருத்தனுக்குச் சாதகம் பண்றேன்னு பேச்சு வரும். ஆறு வாரம் இருந்தா நல்லது, நாலு வாரமாவது வேணும். ஒருத்தன் காலை, ஒருத்தன் சாயந்தரம். ரெண்டு பேர் ஸ்பாரிங் வீடியோவும் ஒரே வாட்ஸப் குரூப்ல போகக் கூடாது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், முக்காவாசிச் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது.

ரெண்டு பேருக்கும் வெளி ஜிம்லேருந்து பார்ட்னர் கொண்டு வா. வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாளைக்கு நாலு ரவுண்டுக்கு மேல வேண்டாம்.

ஒரே ஜிம் பசங்க மோதினா முதல் ரவுண்டு எப்படிப் போகும் தெரியுமா? நீ மூணு விடு, நான் மூணு விடறேன். ஜிம் தாளம். கையில பாதிப் பலம். கிளின்ச்ல சிரிப்பு. நடுவர் சுறுசுறுப்பா ஆடச் சொல்லுவார். ரெண்டாவது ரவுண்டுல ஒருத்தன் கொஞ்சம் பலமா வச்சுடுவான், இன்னொருத்தன் "ஓ, அப்படியா"ன்னு கோவத்துல அகலமா வீச ஆரம்பிப்பான், அங்கயே முடிஞ்சுது. அந்தத் தாளத்தை உடைக்கறதுதான் பயிற்சி. ஆறு வாரமும் பேட் (கோச் கையில மாட்டற திண்டு) அடிக்கறப்ப "மூணு விட்டு நிறுத்து" வேண்டாம். மூணு விட்டு, பேடால நான் ஒண்ணு திருப்பி அடிச்சதும், மறுபடி ரெண்டு. எதிராளி தன் முறைன்னு நினைச்சுக் கையைத் தூக்கற நேரத்துல அந்த ரெண்டு போய் விழணும்.

பழைய ஆட்டத்துல பத்து விஷயத்தை மாத்தாதே. ரெண்டு போதும். நடுவர் "பிரேக்"னு பிரிச்சு விட்டதும் முதல்ல போற குத்து, குத்தி முடிச்சு வெளியேறுற திசை. நண்பனுக்கு உன்னைப் பத்தி நல்லாத் தெரிஞ்சது அந்த ரெண்டும்தான். அஞ்சாறு மாத்தினா உனக்கே குழப்பம், எதிராளிக்கு லாபம்.

கார்னர்: ஹெட் கோச் ரெண்டுலயும் உக்காரக் கூடாது. உதவிக் கோச் ஒருத்தர் ஒரு பக்கம், இன்னொருத்தர் மறு பக்கம். ஒருத்தர்தான் இருக்கார்னா வேற கிளப் கோச்சைக் கேளு. டண்டி மாதிரி ஒரு பக்கம் உக்காரலாம்தான், ஆனா டண்டி கிட்ட மேனேஜர்ங்கிற காகிதம் இருந்துச்சு, காரணம் இருந்துச்சு, அலியும் சரின்னார். மாநிலப் போட்டியில அதெல்லாம் கிடையாது.

பழைய மணி:

கார்னர் விஷயத்துக்கு ஒரு கொசுறு. ஸ்பாரிங் பார்ட்னரை விட ஆபத்து பக்கம் மாறற கோச்தான். 1994 செப்டம்பர் 24, வெம்ப்ளி. ஒலிவர் மெக்கால் கார்னர்ல இமானுவேல் ஸ்டூவர்ட். லெனாக்ஸ் லூயிஸ் வலது கை விடறப்ப இடது கை இறங்குதுன்னு கவனிச்சு, "அவன் விடறப்பவே நீயும் வலது கை விடு"ன்னார். ரெண்டாவது ரவுண்டுல லூயிஸ் கீழே. தோத்த லூயிஸ் என்ன பண்ணார்? அதே ஸ்டூவர்ட்டைத் தன் கோச்சாக்கிக்கிட்டார். 1997 பிப்ரவரியில மறுபடி மெக்காலோட மோதினப்ப ஸ்டூவர்ட் எதிர் கார்னர்ல. மெக்கால் ரிங்லயே அழுது, குத்து விடாம சுத்தி வந்து, அஞ்சாவது ரவுண்டுல நிறுத்தினாங்க. அதுக்கு வேற தனிப்பட்ட காரணங்களும் இருந்துச்சு, எல்லாத்தையும் கோச் தலையில கட்டல.

ஈஸ்டன் ஜாப்:

டாக்டர் சார் கேட்ட "ஹோம்ஸுக்கு மட்டும் இருந்தது" பற்றி. 2017 ஏப்ரல் 29, வெம்ப்ளி, ஆந்தனி ஜோஷுவா – விளாடிமிர் கிளிட்ஸ்கோ. 2014-ல் ஜோஷுவா கிளிட்ஸ்கோவின் ஆஸ்திரிய முகாமில் ஸ்பாரிங் போட்டவர், அப்போது தொழில்முறைக்கு வந்து ஒரு வருடம்தான். அங்கேயும் அதே கதை. பெரியவர் பார்த்தது தொடக்க கால ஜோஷுவா, சின்னவர் பார்த்தது முழு கிளிட்ஸ்கோ. 11-ஆவது ரவுண்டில் ஜோஷுவா அப்பர்கட்டில் ஆட்டம் காணவைத்து இரண்டு தடவை வீழ்த்தி முடித்தார். ஹோம்ஸுக்கு மட்டும் என்பதில்லை. கற்றுக்குட்டியாக இருந்து பார்த்துவிட்டு வெளியே போய் வளர்ந்து திரும்பி வருகிற எவனுக்கும் இருக்கும் லாபம் அது. எல்லிஸுக்கு அது இல்லை. அவரை அலி சின்ன வயசிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளை டவல்:

இது முதல் பதிவை விட நல்ல வாதம். ஆனால் ஆறாவது ரவுண்டில் கிளிட்ஸ்கோவின் நேர் வலது கையில் ஜோஷுவா கீழே விழுந்ததை விட்டுவிட்டீர்கள். கிளிட்ஸ்கோவிடம் இருந்த மிகப் பிரபலமான குத்து அது. முகாமில் தினம் பார்த்தும் வாங்கினார். கிளிட்ஸ்கோவுக்கு வயது 41, ஜோஷுவாவுக்கு 27. மறுபடியும் வயதுதான் வந்து நிற்கிறது.

1980-ல் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இரண்டு ரவுண்டு. ஒன்பதாவதில் ஒரு அப்பர்கட் அலியைக் கயிற்றுக்கு அனுப்பியது, அடுத்து விலாப் பக்கம் விழுந்த குத்துக்கு அலி வாய்விட்டுக் கத்தினார். ஹோம்ஸ் நடுவர் ரிச்சர்ட் கிரீனைப் பார்ப்பதும், அடிக்கத் தயங்குவதும் படத்தில் தெரியும். பத்தாவது முடிந்ததும் டண்டி நிறுத்தச் சொன்னார். அலியின் கார்னரில் இருந்த பண்டினி பிரவுன் இன்னும் ஒரு ரவுண்டு என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான்தான் தலைமை கார்னர், முடிந்தது என்று டண்டி விடவில்லை. ஹோம்ஸ் பிறகு அழுதார். எதிராளியைத் தெரிந்து வைத்திருந்தது ஹோம்ஸுக்கு அங்கே பாரமாகத்தான் இருந்தது. தெரியாத ஆளாக இருந்தால் ஆறாவதிலேயே முடித்திருப்பார், அலிக்கும் நாலு ரவுண்டு அடி மிச்சம்.

ஈஸ்டன் ஜாப்:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஏழாவதிலிருந்து ஹோம்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவது எனக்கும் தெரிகிறது. முதல் ஆறு ரவுண்டு டீர் லேக் ஜெயித்தது, கடைசி நாலு ரவுண்டை டீர் லேக்கே நீட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய மணி:

முதல் ஆறையும் மாத்திரைக்கு எழுதுங்க. கடைசி நாலு உங்களுக்கு.

புது கிளவுஸ்:

பதினாறு அவுன்ஸ் அண்ணே, ஒண்ணே ஒண்ணு. ஹெட் கோச் ரெண்டு கார்னர்லயும் உக்காரலன்னா பசங்க அப்பா அம்மா சண்டைக்கு வருவாங்களே?

பதினாறு அவுன்ஸ்:

பேர் குடுக்கற அன்னிக்கு ரெண்டு வீட்டையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லிடு, யார் எந்தக் கார்னர்னு பேப்பர்ல எழுதி ரெண்டு பேர் கிட்டயும் குடு. அப்புறம் அந்த ரெண்டு உதவிக் கோச்சும் ஆறு வாரம் ஒண்ணா டீ குடிக்காம பாத்துக்கோ. அதுதான் கஷ்டம்.